மறதியின் பூமியில் ஒரு முடிச்சு

வாசகர் கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அம்மா ஆறு வருஷம் மறதிநோயோடு இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்த்தருக்குள் நித்திரையானார்கள். அதற்கப்புறம் நான் எழுதிய முதல் நாவலின் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதை நடப்பது 2070-இல். ஒரு பழைய கோயிலின் நிலவறையில் ‘நினைவுப் பேழை’ என்று ஒரு கருவி இருக்கிறது. உயிரோடிருக்கும்போதே நினைவுகளைப் பதிந்து வைத்தால், அது பிறகு அந்த ஆளைப் போலவே பேசும். நாயகியின் அம்மா நோய் வருவதற்கு முன்பே பதிந்து வைத்திருக்கிறாள். மகள் பேழையிடம் போய்ப் பேசிப் பேசி ஆறுதல் அடைகிறாள். கடைசியில் போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்ல, அவள் மனம் மாறிப் பேழையை அணைத்துவிடுகிறாள்.

எங்கள் சபைப் போதகர் படித்துவிட்டு, ‘செத்தவர்களோடு பேசுவது வேதத்துக்கு விரோதம். பரலோகத்தில் பழைய நினைவே இருக்காது, இதை ஏன் எழுதுகிறீர்கள்?’ என்று வருத்தப்பட்டார். இலக்கியம் படிக்கிற என் தோழி, ‘கடைசி அத்தியாயம் பிரசங்கம், எடுத்துவிடு’ என்கிறாள். நான் எழுதியது பாவமா? விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஒரு கதை தோன்றியதா? கதையை எப்படி முடிப்பது?

பின்குறிப்பு: நோய் முற்றிய பிறகும் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையானால் காணிக்கைக் காசை முந்தானையில் முடிந்துகொண்டு, ‘கோயிலுக்கு நேரமாச்சா?’ என்று கேட்பார்கள். அப்படி முடிந்த சேலை ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. நான் அவிழ்க்கவில்லை. சில ராத்திரிகளில் அம்மா பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் போனில் அவர்கள் நன்றாயிருந்த காலத்துக் கல்யாண வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பிரதியை இரண்டு தடவை படித்தேன், கடிதத்தை அதைவிட அதிகம் தடவை. நான் போதகர் அல்ல. இருபத்திரண்டு வருஷமாகப் புனைகதைப் பிரதிகளைத் திருத்துவது என் தொழில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். இந்த இரண்டு இடத்திலும் நின்றுதான் பதில் சொல்கிறேன்.

முதலில் போதகரின் கேள்வி, ஏனென்றால் அது உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் மனதில் இருப்பது உபாகமம் 18-ஆம் அதிகாரம் என்று நினைக்கிறேன். ‘செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்’ என்று அங்கே வருகிறது. குறி கேட்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். 1 சாமுவேல் 28-இல் செத்தவர்களை எழுப்பிப் பேசவைக்கிற எந்தோரின் ஸ்திரீயிடம் மாறுவேஷத்தில் போகிற சவுல் ராஜாவுக்கு, செத்துப்போன தீர்க்கதரிசி சாமுவேல் மேல் துக்கம் இல்லை. நாளைக்கு யுத்தம் என்னவாகும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நாயகி பேழையிடம் ஒரு தடவைகூட எதிர்காலத்தைக் கேட்பதில்லை. ‘மீன்குழம்புக்கு எவ்வளவு புளி போடுவீங்க?’ என்றுதான் கேட்கிறாள். அதைக் குறி கேட்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடக்காததைக் கற்பனை செய்து சொல்வதே தவறு என்று அவர் கருதினால், வேதாகமத்திலிருந்தே அவருக்குக் காட்டலாம். நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் ஒரு மலை உச்சியில் நின்று, மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடிப் போன கதையைச் சொல்கிறான். ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் மறுத்துவிட, முட்செடி ஒப்புக்கொள்கிறது. லூக்கா 16-இல் ஐசுவரியவானும் லாசருவும் வருகிற பகுதி முழுக்க மரணத்துக்கு அப்புறம் நடக்கிறது. அது உவமையா நடந்த சம்பவமா என்று விசுவாசிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எப்படியிருந்தாலும் அங்கே ஆபிரகாம் ஐசுவரியவானைப் பார்த்து, நீ பூமியில் உயிரோடிருந்த காலத்தை ‘நினைத்துக்கொள்’ என்கிறார். செத்தவனிடம் நினைவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பேச்சே நடக்கிறது.

சரி, பரலோகத்தில் நினைவு இருக்காது என்பதற்கு ஏசாயா 65:17-ஐக் காட்டுவார்கள்: ‘முந்தினவைகள் இனி நினைக்கப்படுவதுமில்லை, மனதிலே தோன்றுவதுமில்லை.’ அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். மறக்கப்படுவது ‘முந்தின இடுக்கண்கள்’ என்று இருக்கிறது. இடுக்கண் மறப்பதும் அம்மாவை மறப்பதும் ஒன்றா? இந்த இடத்தில்தான் தாந்தே என்ற இத்தாலியக் கவிஞனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவன் நேசித்த பெயாத்ரிசே 1290-இல் இறந்துபோனாள். பிற்பாடு அவன் எழுதிய மறுமைப் பயணக் காவியத்தில், இறந்தவர்களின் பாவம் கழுவப்படுகிற உத்தரிப்பு மலையின் உச்சியில் ஒரு தோட்டம் வருகிறது. அங்கே இரண்டு ஆறுகள். லேத்தே என்ற ஆற்றில் குடித்தால் செய்த பாவத்தின் நினைவு போகும். அந்த ஆறு பழைய புராணங்களில் ஏற்கெனவே இருந்தது. யூனோயே என்ற இரண்டாவது ஆறு தாந்தே சொந்தமாக உண்டாக்கியது. அதில் குடித்தால் செய்த நன்மையின் நினைவெல்லாம் திரும்ப வரும். மறதி ஆறு மட்டும் போதாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வேதத்தை மீறாமல், வேதம் சொல்லாமல் விட்ட இடத்தில் கற்பனையால் ஒரு ஆற்றை ஓடவிட்டான். நீங்கள் செய்திருப்பதும் இந்த வகை வேலைதான்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பாளையங்கோட்டையில் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியம் என்ன? இல்லாத ஊர், இல்லாத வழி, இல்லாத நதி, எல்லாவற்றையும் கம்பன் வழியில் பாடி வைத்தார். அதற்கு மூலமான ஜான் பன்யனின் நூல் 1678-இல் வந்தது. நம் வீடுகளில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வசன நடையில் இருக்கும், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். அதில் கடைசி நதியை மறுபடி படித்துப் பாருங்கள். மோட்சத்துக்குப் போகிற யாத்திரிகன் கிறிஸ்தியான் தண்ணீரில் இறங்கினதும் இருள் சூழ்கிறது. அதுவரை வழியில் அனுபவித்த ஒரு ஆறுதலையும் அவனால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, கோர்வையாகப் பேசவும் முடியவில்லை. உங்கள் அம்மாவின் ஆறு வருஷமும் இதுதானே? ஆனாலும் அவன் கரையேறுகிறான். கூட வந்த தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்கிறான். ‘எனக்குத் தரை தட்டுப்படுகிறது, நன்றாகவே இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே வருகிறான். விசுவாசி கடைசியில் எல்லாவற்றையும் மறந்துபோகக்கூடும் என்பதைப் பன்யன் மறைக்கவே இல்லை.

ஆகையால் விசுவாசம் குறைந்ததால் எழுதினீர்களா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. 88-ஆம் சங்கீதக்காரனைவிடக் கடுமையாக நீங்கள் ஒன்றும் கேட்டுவிடவில்லை. ‘இருளில் உமது அதிசயங்களும், மறதியின் பூமியில் உமது நீதியும் அறியப்படுமோ?’ என்று அவன் கேட்கிறான். பதில் வராமலே அந்தச் சங்கீதம் முடிகிறது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. உங்கள் நாவலுக்கு இப்போது இருக்கிற தலைப்பைவிட ‘மறதியின் பூமி’ பொருத்தமாக இருக்கும் என்றும் நினைக்கிறேன்.

இனி பிரதிக்கு வருகிறேன். உங்கள் தோழி சொன்னது பாதி சரி. கடைசி அத்தியாயம் பிரசங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட்டால் போதும் என்பது சரியில்லை. பிரசங்கம் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். கதைக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை மூடத்தான் பதினொரு பக்கத்துக்குப் போதகரைப் பேச வைத்திருக்கிறீர்கள். அந்தப் பள்ளம் எது என்று உங்கள் பின்குறிப்பைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நாவலில் அம்மா முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுகிறாள். மகள் நல்ல மகள், துக்கப்படுகிறாள், பேழையிடம் போகிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நிஜத்தில் உங்களுக்கு நடந்தது வேறு. அம்மா பக்கத்து அறையில் உயிரோடு கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் பழைய அம்மாவைத் தேடிப் போயிருக்கிறீர்கள். சகோதரி, அந்த அறையில் இருந்த யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். களைத்துப்போன பிள்ளை தன்னைத் தெரிந்துவைத்திருந்த தாயைத் தேடியிருக்கிறது. இதற்காக உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதை அங்கேதான் இருக்கிறது. அம்மாவைப் பாதி நாவல்வரை உயிரோடு வையுங்கள். நோயாளி அம்மா வீட்டில் கிடக்க, மகள் ‘மருந்து வாங்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கட்டும். அங்கே பேழை அவளைப் பேர் சொல்லி அழைக்கும், வீட்டில் இருக்கிறவளோ ‘நீங்க யாரு, டீச்சரா?’ என்று கேட்பாள். இரண்டு அம்மாவில் எந்த அம்மாவிடம் போவது? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் வாசகர் கடைசிப் பக்கம்வரை புத்தகத்தை வைக்க மாட்டார்.

பேழையை அழிக்க வேண்டிய தீமையாகக் காட்டாதீர்கள். அது உண்மையிலேயே இதமாக இருக்க வேண்டும். எதில் அது குறைபடுகிறது என்பது மட்டும் மெதுவாகத் தெரிய வேண்டும். இதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா பாடகர் குழுவில் இருந்தார். அவர் பாடிய ஒரு கீர்த்தனை கேசட்டில் இருக்கிறது. இரண்டாம் சரணத்துக்கு முன் லேசாக இருமுவார். அவர் இறந்த வருஷம் அதைத் தினமும் கேட்டேன். ஒரு நாள் அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிடும் குரலை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. கேசட்டில் இருந்த குரல்தான் வந்தது, அந்த இருமலோடு. பதிவு மற்றக் குரல்களையெல்லாம் மூடிவிட்டது. அன்றைக்குத்தான் கேசட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இதையே வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். மனைவி ஜாய் 1960-இல் புற்றுநோயில் இறந்தபின் அவர் எழுதிய துக்கக் குறிப்புகள் 1961-இல் வேறொரு பெயரில் வந்தன. ராத்திரி முழுக்கப் பனி விழுவதுபோல, தன்னுடைய எண்ணங்களும் தான் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஞாபகங்களும் அவள் உருவத்தின்மேல் படிந்துகொண்டே இருக்கின்றன, கடைசியில் நிஜ உருவம் தெரியாமலே போய்விடும் என்று அதில் பயப்படுகிறார். உயிரோடிருக்கிற ஆள் நம்மை எதிர்த்துப் பேசுவார், நாம் நினைத்ததற்கு மாறாக நடப்பார். நம் நினைவில் இருக்கிற ஆளால் அது முடியாது. உங்கள் பேழையும் மகளை ஒரு தடவைகூடக் கோபிப்பதில்லை. அதை அவள் கவனிக்கிற ஒரு காட்சி வையுங்கள். நாயகியின் அம்மா கோபக்காரி என்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்!

அதே லூயிஸிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய அம்மா 1908-இல் பெல்பாஸ்ட்டில் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. குணமாக வேண்டும் என்று அந்தப் பையன் ஜெபித்தான், நடக்கவில்லை. 1955-இல் வந்த அவருடைய நார்னியா என்ற சிறுவர் கதை வரிசையின் நூல் ஒன்றில் ஒரு பையன், சாகக் கிடக்கிற தன் அம்மாவைக் குணமாக்க ஏதாவது கொடுக்கும்படி அஸ்லான் என்ற சிங்கத்திடம் கேட்கிறான். பயந்தபடி நிமிர்ந்து பார்க்கிறான். சிங்கத்தின் கண்ணில் நீர், அவனுடைய கண்ணீரைவிடப் பெரிய துளிகளாக. அந்த இடத்தில் துன்பத்துக்கு ஒரு விளக்கமும் கொடுக்கப்படுவதில்லை. யோவான் 11-லும் அப்படித்தான். இன்னும் சற்று நேரத்தில், இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை (லூக்கா 16-இல் வருகிறவன் அல்ல) எழுப்பப் போகிற இயேசு, அதற்கு முன்னால் கண்ணீர் விடுகிறார். உங்கள் போதகர் பாத்திரம் பதினொரு பக்கம் பேசுவதற்குப் பதில், மகள் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து பேசாமல் இருந்தால் என்ன? உயிர்த்தெழுதலை அவர் நம்புகிறவர் என்பது உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே தெரியும்படி எழுத முடியும்.

இப்போது முந்தானை முடிச்சு. இது ஏன் நாவலில் இல்லை? எழுத மனம் வரவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் எழுத முடிந்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்தது அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மறதிநோயில் அண்மைய விஷயங்கள் முதலில் போகும், பழையவை கொஞ்சம் தங்கும். பாட்டும் கைப்பழக்கமும் பலருக்கு வெகுநாள் நிற்கும். இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பேழை என்ன பதிகிறது? பேச்சு, சம்பவம், பெயர், தேதி. நோய் சொற்களை எடுத்துக்கொண்டு கைகளை விட்டுவைத்தது. பேழை சொற்களை எடுத்துக்கொண்டு கைகளை விட்டுவிட்டது. மகள் ஒரு நாள் பேழையிடம், ‘அம்மா, காசை எப்படி முடிவீங்க?’ என்று கேட்கட்டும். அது வார்த்தையில் அழகாகச் சொல்லும். அவள் வீட்டுக்கு வருவாள். தன் பெயர்கூடத் தெரியாத அம்மா அந்த இரண்டு ரூபாய்க் காசை முந்தானை நுனியில் வைத்து, சுருட்டி, ஒரு இழுப்பில் முடிந்துகொண்டிருப்பாள்.

லூக்கா 24-இல், எம்மாவு என்ற கிராமத்துக்குப் போகிற வழியில் இரண்டு சீஷர்களும் உயிர்த்தெழுந்த இயேசுவோடு அவ்வளவு தூரம் பேசிக்கொண்டே நடந்தும் அவரை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. கைதான் அடையாளம் காட்டியது. தெரிந்த அதே நொடியில் அவர் மறைந்துபோனார். இதை நாவலில் எங்கும் எடுத்துச் சொல்லாதீர்கள். நம் வாசகர்களுக்கு அந்த அதிகாரம் தெரியும், தானாக ஞாபகம் வரும்.

ஏசாயா 49-ஐ உங்கள் பிரதியில் மூன்று இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள்: ‘ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை.’ உங்கள் அம்மா உங்களை மறந்தே விட்டார்கள். இந்த வசனம் அப்படி நடக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்கிறது, அதனால்தான் அது உங்களை இழுக்கிறது. நாவல் முழுக்க உங்கள் நாயகி அம்மாவை நினைவில் வைத்திருப்பதற்காகப் போராடுகிறாள். அந்தப் பாரம் அவள் ஒருத்தியால் சுமக்கக்கூடியதே இல்லை. இன்னொருவர் இருவரையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார் என்பதைத்தான் நீங்களும் நானும் விசுவாசிக்கிறோம். வசனத்தை ஒரே இடத்தில் வையுங்கள், அதுவும் அம்மா வாயில், பாதி மறந்துபோனதாக. ‘மறப்பாளோ…’ என்றுவிட்டு அவள் நிறுத்தட்டும். மீதியை மகள் சொல்லட்டும், அல்லது சொல்லாமல் இருக்கட்டும்.

சின்ன விஷயம் ஒன்று. 2070 வேண்டாம். 2020-இலேயே தென் கொரியத் தொலைக்காட்சியில் ஒரு தாய் இறந்துபோன தன் சிறு பெண்ணை மெய்நிகர் கண்ணாடி வழியாகச் சந்திப்பதைக் காட்டிவிட்டார்கள். இறந்தவர் விட்டுச்சென்ற குறுஞ்செய்திகளை வைத்து அவரைப்போலப் பேசும் செயலிகளும் வந்துவிட்டன. பறக்கும் கார், கண்ணாடிக் கோபுரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கதையை இன்னும் ஐந்து வருஷம் தள்ளி உங்கள் ஊரிலேயே வையுங்கள். மீன்குழம்பு மணக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் பேழை இருந்தால்தான் மனதைப் பிசையும்.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பிரதியின் கடைசிப் பத்தியில் ‘அவள் பேழையை அணைத்தாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கை அணைப்பதுபோல அணைத்தாளா, பிள்ளையை அணைப்பதுபோல அணைத்தாளா? முதல் தடவை படித்தபோது எனக்குப் புரியவில்லை. நீங்கள் முதலாவதைத்தான் நினைத்து எழுதியிருப்பீர்கள். அதற்குப் பின்னால் ‘கருவியின் விளக்கு மங்கி மறைந்தது, அவள் விடுதலையானாள்’ என்று இரண்டு வரி வருகிறது. அந்த இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள். பிரசங்கப் பக்கங்களும் போகட்டும். ‘அணைத்தாள்’ என்ற சொல்லோடு நாவல் நிற்கட்டும்.

முடிச்சை நாயகி அவிழ்க்கிறாளா என்பதை எழுதும்போது நீங்களே முடிவு செய்யுங்கள். பீரோவில் இருக்கிற சேலை அதுவரை அப்படியே இருக்கலாம், அதற்கும் நாவலுக்கும் சம்பந்தம் வேண்டியதில்லை. அம்மா உயிரோடிருக்கும் பகுதியை முதலில் எழுதி அனுப்புங்கள். முப்பது பக்கம் வந்தாலும் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.